ஸ்பூன் அக்காவின் கை

பறவைக் கடைக்குப் பின்புறம் இருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் சூட்டுக்கு ஒரு பல்பு, பல்புக்குக் கீழே பழைய துணி, துணியில் இறகு முளைக்காத நாலைந்து குஞ்சுகள். பெட்டிக்கு எதிரே ஒரு முக்காலி. அந்த முக்காலியில் இருபத்திரண்டு வருஷமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கடைக்காரனுக்கு அவள் தங்கச்சி. மற்ற எல்லாருக்கும் ஸ்பூன் அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே திரும்பிப் பார்த்திருப்பாள்.

ஸ்பூன் என்றதும் ஏதோ வெள்ளி ஸ்பூன் என்று நினைக்க வேண்டாம். டீ கலக்குகிற சாதாரண எவர்சில்வர் ஸ்பூன்தான். இரண்டு ஓரத்தையும் குறடால் மடக்கி, முனையைக் கிளியின் அலகு அளவுக்குக் குறுக்கியிருந்தாள். தாய்ப்பறவை கைவிட்ட குஞ்சுகளுக்கு, வெந்நீரில் கரைத்த மாவை அதில் ஏந்தி வாயோரம் வைப்பாள். குஞ்சு தலையை ஆட்டி ஆட்டி உறிஞ்சும். கழுத்தடியில் இரை சேருகிற பை உப்பும். ஒன்று முடிந்ததும் அடுத்தது. நடுவில் தோளில் கிடக்கும் துண்டில் ஸ்பூனுக்கு ஒரு துடைப்பு. அந்த ஸ்பூன் கண்ட குளியல் அவ்வளவுதான்.

ஸ்பூனுக்கு முன்னால் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. விளங்காத கை. வைத்தவள் மாமியார். மருமகள் காய்ச்சிய பால் திரிந்தால் கையால் திரிந்தது. மருமகள் நட்ட செடி கருகினால் கையால் கருகியது. கோடையில் பால் திரியாமல் பாட்டா பாடும் என்று கேட்க அந்த வீட்டில் நாதி இல்லை. முதலில் பிறந்த பெண் குழந்தை நன்றாகத்தான் வளர்ந்தது. அதை மாமியார் தன் கணக்கில் எழுதிக்கொண்டாள். நாலு வருஷம் கழித்து ஒரு ஆண் குழந்தை. இருபதாம் நாள் மத்தியானம், தாய் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை கண்ணை மூடியது. பிறகு திறக்கவில்லை. பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். யார் காதில் விழுந்தது அது? "பெத்த பிள்ளையையே தின்ன கை" என்று மாமியார் வாசலில் நின்று சொன்னாள். புருஷன் பக்கத்தில் நின்று கேட்டான். மறு மாதமே அவளை அவள் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டான். பெண் குழந்தையை மட்டும் கொடுக்கவில்லை. நாலு வயதுப் பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மா எங்கே போகிறாள் என்று தெரியாமல் டாட்டா காட்டியது.

அண்ணன் நல்லவன் என்று சொல்ல மாட்டேன். சோறு போட்டான், உண்மை. சும்மா போடவில்லை. சாகப்போகிற குஞ்சுகளை அள்ளிப் பின்னறையில் போட்டு, "பாரு, பொழைச்சா பொழைக்கட்டும்" என்றான். எப்படியும் சாகப்போவது, அதைத் தொட விளங்காத கை போதாதா என்ற தாராளம். ஆனால் முதல் குஞ்சு பிழைத்தது. ரெண்டாவதும் பிழைத்தது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து, மாவின் சூட்டை மணிக்கட்டில் சொட்டுவிட்டுப் பார்த்து, பொறுமையாய் ஊட்டினால் பாதிக்கு மேல் பிழைக்கும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. அவளுக்கு மட்டும் அது மாயமாகத்தான் இருந்தது. ரெண்டாவதும் பிழைத்த அன்றைக்கு அவள் தன் ரெண்டு கையையும் பல்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுகை வந்தது. அழுதாள்.

இன்னொன்றும் நடந்தது. அவள் ஊட்டி வளர்த்த பறவைகள் ஆளை விட்டுப் போவதில்லை. மற்ற கடைகளில் வாங்கின கிளி கூண்டைத் திறந்தால் ஃபேனில் முட்டும், ஜன்னலில் பாயும், மறுநாள் எதிர் வீட்டு மாடியில் உட்கார்ந்து பழிப்புக் காட்டும். இவள் வளர்த்தவை தரையில் ஓடி வந்து காலில் ஏறும். "கதவைத் தொறந்து வச்சுக்கோங்க சார், போச்சுன்னா என்னைக் கேளுங்க" என்று அண்ணன் சவால் விட்டு விற்றான். ஒன்றுகூடப் போகவில்லை. போகாதது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இறக்கையிலும் வாலிலும் நீளமான இறகுகள் முளைத்த வேகத்தில் உதிர்ந்தன. சிலதுக்கு மறுபடி முளைத்தது, சிலதுக்கு முளைக்கவில்லை. "குஞ்சு இறகு, அப்படித்தான் கொட்டும்" என்றான் அண்ணன். பறவை வியாபாரிகள் தங்களுக்குள் இந்த மாதிரிக் குஞ்சுகளை ஓடுகாலி என்பார்கள். பறக்காமல் தரையில் ஓடுவதால் அந்தப் பெயர். எங்கேயும் ஓடிப்போக முடியாததுக்கு ஓடுகாலி என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ.

ஸ்பூன் அக்காவுக்கு அந்தக் குசும்பெல்லாம் தெரியாது. தன் கையில் பாசம் இருக்கிறது, அதனால் போவதில்லை என்று நம்பினாள். வருஷக்கணக்கில் திட்டு வாங்கினவளுக்கு அந்த நம்பிக்கை தேவைப்பட்டது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஒரு லிஃப்ட் ஆபரேட்டர் வீட்டில் ரெண்டு கிளிகள். பழையது புதியதைக் கடித்துக் குதறியது. ரெண்டையும் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து நின்றார். ஸ்பூன் அக்கா யோசித்தாள். தன் பெட்டிக் குஞ்சுகள் ஒன்றோடொன்று சண்டை போட்டதே இல்லை. ஏன்? ஒரே ஸ்பூனில் தின்றவை. ஒரே எச்சில். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அவளுக்கு அது பளிச்சென்று பட்டுவிட்டது. குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்த அதே ஸ்பூனில் மாவை எடுத்துப் புதியதுக்கு ஒரு வாய், துடைக்காமல் பழையதுக்கு ஒரு வாய். "இனிமே கடிக்காது, போங்க" என்றாள். ரெண்டு வாரத்தில் சண்டை நின்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இல்லை, அதைவிட மோசம். சண்டை போடத் தெம்பு இல்லாமல் புதியது உப்பிப்போய் மூலையில் உட்கார்ந்திருந்தது. லிஃப்ட் ஆபரேட்டருக்கு அது சமாதானமாகத் தெரிந்தது.

அவர் ஒரு கட்டடத்தின் எல்லா மாடிக்கும் போய் வருகிறவர். ஏறி இறங்கின அத்தனை பேர் காதிலும் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடை வாசலில் கூண்டும் கையுமாய் ஆட்கள் வரிசை கட்டினார்கள். புதுப் பறவை வாங்கினால் ஸ்பூன் அக்காவிடம் ஒரு வாய் வாங்கிவிட வேண்டும் என்றாகிவிட்டது. வேறு கடையில் வாங்கினவர்கள்கூட வந்தார்கள். அண்ணனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. வரிசையில் நிற்கிறவர்கள் சும்மா நிற்பார்களா, தினை, கூண்டு, ஊஞ்சல் என்று ஏதாவது வாங்கினார்கள். ஸ்பூன் அக்கா அதிலெல்லாம் தலையிடவில்லை. "அக்கா, உங்க கையால ஒரு வாய்" என்று யாரோ கெஞ்சுவது போதும் அவளுக்கு.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரிசையில் ஏழாவதாக அவள் மகள் நின்றாள்.

வயது இருபத்தாறு. வயிற்றில் அஞ்சு மாதம். கைக்கொன்றாய் ரெண்டு கூண்டு. ஸ்பூன் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியும் முகவாயும் அப்படியே அந்த வீட்டுச் சாயல். கையில் இருந்த ஸ்பூன் நழுவிக் கீழே விழுந்தது.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள் மகள். "அதுக்காக வரல. கிளிக்காக வந்தேன்."

"சரிம்மா" என்றாள் ஸ்பூன் அக்கா.

பெரியது மருமகனுடைய பச்சைக் கிளி, பத்து வயதுத் தடியன். சின்னது மகள் ஆசை ஆசையாய் வாங்கின சாம்பல் கிளி, நாலு மாதக் குஞ்சு, வால் மட்டும் சிவப்பு. பெரியது சின்னதைக் கிட்டே சேர்க்கவில்லை. குழந்தை பிறக்கப்போகிற வீட்டில் இந்த ரகளை வேண்டாம், சின்னதைத் திருப்பிக் கொடுத்துவிடு என்று மருமகன் சொல்லிவிட்டானாம். மகள் கண்ணில் தண்ணீர் நின்றது. சாம்பல் குஞ்சு அவள் சட்டைப் பொத்தானைக் கவ்விக்கொண்டிருந்தது.

ஸ்பூன் அக்கா கீழே விழுந்த ஸ்பூனை எடுத்துத் துண்டில் துடைத்தாள். மகள் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவள். கருவிகளைக் கழுவி, கொதிநீராவிப் பெட்டியில் வைத்து, எண்ணி எடுப்பதுதான் அவளுக்குக் காலை முதல் மாலை வரை வேலை. அவளால் பொறுக்க முடியவில்லை.

"இதைக் கொதிக்க வைக்க மாட்டீங்களா?"

"கொதிக்க வச்சா ராசி போயிடும்மா" என்றாள் ஸ்பூன் அக்கா. வரிசையில் நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தர் மகளைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். மகள் வாயை மூடிக்கொண்டாள். சாம்பலுக்கு ஒரு வாய், பச்சைக்கு ஒரு வாய். முடிந்தது.

மூன்று வாரம் கழித்து மகள் மறுபடி வந்தாள். இந்தத் தடவை வாசல் வரிசையில் நிற்கவில்லை, நேரே பின்னறைக்கு வந்து முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "சண்டை நின்னுடுச்சு" என்றாள். அப்புறம், "அம்மா" என்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தச் சொல் அந்த அறைக்குள் முதல் தடவையாக ஒலித்தது. சாம்பல் குஞ்சின் மார்பில் சிவப்பாய் ரெண்டு இறகு முளைத்திருந்தது. "நீ ஊட்டினதுல பூ பூத்திருக்கும்மா, பாரேன்" என்று காட்டினாள். அண்ணன் எட்டிப் பார்த்து, சாம்பலில் சிவப்பு வருவது லட்சத்தில் ஒன்று, பெரிய அதிர்ஷ்டம் என்றான்.

அதிலிருந்து வாரம் ஒரு தடவை வந்தாள். சமைத்ததைக் கொண்டுவந்து ஊட்டினாள். அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். பாட்டி சொன்னதெல்லாம் பொய் என்று ஒருநாள் தானாகவே சொன்னாள். பாட்டி என்றது அந்த மாமியாரை. செத்து மூணு வருஷமாகிறதாம். ஸ்பூன் அக்கா வாயைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பொறந்ததும் நான் தூக்கலாமா?"

"நீதாம்மா முதல்ல தூக்கணும்."

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எதையும் செய்வாள். செய்தாள் என்பதுதான் இந்தக் கதை.

மகளுக்கு எட்டாம் மாதம் முடிகிற சமயம் சாம்பல் கிளி இரையை எடுப்பதை நிறுத்தியது. தின்ற கொஞ்சத்தையும் கக்கியது. உடம்பில் புதிதாய் முளைத்த இறகெல்லாம் நடுவில் இறுகி, தண்டில் ரத்தம் கட்டி, தொட்டால் உதிர்ந்தது. கன்னத்தில் சதை தெரிந்தது. மகளுக்குக் கால் வீங்கி, நடக்கக் கூடாது என்று உத்தரவு. "நீ டாக்டர்கிட்ட காட்டிட்டு வாம்மா, நீ கூட்டிட்டுப் போனா பொழைச்சுக்கும்" என்று அம்மாவின் கையில் கூண்டைக் கொடுத்தாள்.

பறவை டாக்டர் கண்ணாடி போட்ட ஒரு பெண். வேகமான கை, வேகமான பேச்சு. கிளியைத் துண்டில் சுற்றிப் பிடித்து, விளக்கடியில் இறகை விரித்துப் பார்த்தார். சிவப்பு இறகைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"இது எப்ப வந்துச்சு?"

"அது அதிர்ஷ்டம்னு..."

"நோயிம்மா இது. இறகைத் தின்னுற வைரஸ். இறகு முளைக்கிற இடத்தையே கெடுத்துடும். அப்புறம் உள்ளே போய் எதிர்ப்பு சக்தியைக் காலி பண்ணும். ரத்தம் எடுத்து அனுப்புறேன், ஆனா எனக்கு சந்தேகமே இல்ல. இந்த வருஷம் இதோட முப்பதாவது கேஸ்." துண்டை மடித்துக்கொண்டே கேட்டார். "ஸ்பூன் வச்சீங்களா?"

ஸ்பூன் அக்கா கூண்டின் கதவைத் திறந்து மூடினாள். டாக்டரே தொடர்ந்தார்.

"ஒரு பறவைக் கடையில ஸ்பூன் அக்கான்னு ஒரு மகராசி இருக்காளாம். ஊர்ல இருக்கிற எல்லாப் பறவைக்கும் ஒரே ஸ்பூன்ல ஊட்டுறாளாம். கழுவுறதுகூட இல்லையாம். நோய் இருக்கிற குஞ்சோட எச்சில் அடுத்த குஞ்சு வாய்க்குள்ள. இதைவிட நேர்வழி அந்த வைரஸுக்கே தெரியாது. வர்றவங்க எல்லாரும் அவ பேரைத்தான் சொல்றாங்க, அதுவும் பெருமையா! ஒருத்தர் வீட்டுல ஒம்பது பறவை போச்சு. அந்தம்மாவை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றாள் ஸ்பூன் அக்கா.

வெளியே காத்திருந்தவர்களில் ரெண்டு பேர் அவளிடம் ஸ்பூன் வைத்துக்கொண்டவர்கள். அவர்கள் கண்ணில் படாமல் இருக்கக் கூண்டை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவருகில் நின்று டாக்டரிடம் இன்னொன்று கேட்டாள்.

"இதுகூடவே ஒரு பெரிய கிளிக்கும் வச்சாங்க. அது நல்லா இருக்கே?"

"வயசான பறவை பல நேரம் தாங்கிக்கும். குஞ்சு தாங்காது. மருந்து கிடையாதும்மா. சூடா வச்சுக்கோங்க, மத்த பறவைகிட்ட விடாதீங்க. ரொம்பக் கஷ்டப்பட்டா கொண்டு வாங்க, வலிக்காம முடிச்சுடலாம்." டாக்டர் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்.

பஸ்ஸில் அவள் மடியில் கூண்டு. கிளி உள்ளே தலையைத் தொங்கப் போட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷத்துப் பறவைகளும் அவள் கண்முன் வந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கும் அப்படிச் சொல்ல ஆசைதான். இல்லை. அவள் நினைத்தது ஒன்றே ஒன்றைத்தான். இந்தத் தாளை மகள் படித்தால் என்ன ஆகும்? கருவிகளைக் கொதிக்க வைக்கிறவள். ஒரு வரி போதும், புரிந்துகொள்வாள். அப்புறம் குழந்தையைக் கையில் தருவாளா?

கடைக்கு வந்து அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் தினை அளந்துகொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

"இதை நீ இப்பத்தான் கண்டுபிடிச்சியா?"

"உனக்குத் தெரியுமா?"

"ஓடுகாலி ஏன் ஓடுதுன்னு தெரியாமலா இத்தனை வருஷம் கடை நடத்துறேன்? நோய்க் குஞ்சை எல்லாம் தூக்கிப் போட்டா கடையைப் பூட்ட வேண்டியதுதான். பறக்க முடியாததைப் பாசம்னு வித்தேன். நீயும்தானே மகாராணி மாதிரி உக்காந்திருந்த? வாயை மூடிட்டு மாவைக் கரை."

இத்தனை காலம் அவள் கையில் இருந்த பாசம் அன்றைக்கு இப்படி முடிந்தது. அவள் முக்காலியில் உட்கார்ந்து பெட்டிக்குள் பார்த்தாள். குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்தின.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்து பார்த்தாள். ஸ்டவ்வில் தண்ணீர் வைத்து, ஸ்பூனை அதில் போட்டாள். வரிசையில் முதலில் நின்றவர் பதறிப்போனார். "என்னக்கா பண்றீங்க, ராசி போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க!" பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். கொதித்த ஸ்பூனில் எங்களுக்கு வேண்டாம் என்று ஒரு அம்மா கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே விட்டாள். அண்ணன் ஒரு பார்வை பார்த்தான். ஸ்பூன் அக்கா அடுப்பை அணைத்தாள். பெட்டிக் குஞ்சுக்கு ஒரு வாய் ஊட்டி, அதே ஸ்பூனோடு வரிசைக்கு வந்தாள். அன்றைக்குப் பதினொரு பறவைகள். ஒவ்வொன்றின் வாயிலும் என்ன போகிறது என்று தெரிந்தே வைத்தாள். இந்த இடத்தில் அவளுக்காக நான் ஒரு சாக்கும் சொல்லப் போவதில்லை.

சாம்பல் கிளி அந்த வாரமே செத்தது. மகள் மடியில்தான் செத்தது. ஸ்பூன் அக்கா போனபோது மகள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கிளி அவள் மடியில் ஒரு பழைய துண்டில் கிடந்தது. பாதி உடம்பில் இறகு இல்லை. மார்பில் அந்தச் சிவப்பு மட்டும் மிச்சம். பக்கத்து அறையில் பச்சைக் கிளி கூண்டுக் கம்பியைக் கடித்துக்கொண்டு விசிலடித்தது.

"டாக்டர் என்னம்மா சொன்னாங்க? எழுதிக் குடுத்தாங்களா?"

"ஒண்ணும் எழுதித் தரல." தாளை அவள் பஸ் ஸ்டாண்டிலேயே துண்டு துண்டாய்க் கிழித்துப் போட்டிருந்தாள். "பார்த்தாங்க. உதட்டைப் பிதுக்கினாங்க."

மகள் ரெண்டு கையையும் கிளியின் மேல் வைத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. பயந்த குரல்.

"அம்மா... அந்த ஸ்பூனாலயா?"

இப்போது சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரே ஒரு வார்த்தை. மகள் அழுதிருப்பாள், கத்தியிருப்பாள், ஒரு மாதம் வராமல் இருந்திருப்பாள். மன்னித்திருக்கவும் கூடும். ஸ்பூன் அக்கா அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவே இல்லை. வாசலில் நின்ற மாமியாரின் வாய்தான் அவள் வாயில் வந்து உட்கார்ந்தது.

"ஸ்பூன்ல கோளாறுன்னா ரெண்டும்ல போயிருக்கணும்? பச்சைக்கும் அதே ஸ்பூன்தானே வச்சேன்? அது எப்படி இருக்கு பாரு. உன் புருஷன் கையால தின்னுது, குத்துக்கல்லு மாதிரி இருக்கு. இது யாரு கையால தின்னுச்சு?"

மகள் குனிந்து தன் கையைப் பார்த்தாள்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள் ஸ்பூன் அக்கா. குரல் கனிவாகவே இருந்தது. "சில பேரு கை அப்படி. குத்தம் இல்லம்மா, அமைப்பு. எனக்கு இருந்துச்சு, உன் தம்பியைப் பறிகொடுத்தேன். எங்கிட்ட இருந்து போயிடுச்சு. போனது எங்க போகும்? உங்கிட்ட வந்திருக்கு."

படித்த பெண்தானே, நம்புவாளா என்று கேட்பீர்கள். படிப்பு பத்து வருஷம். பாட்டி ஊட்டியது இருபது வருஷம். அதிலும் மடியில் ஒன்று செத்துக் கிடக்க, வயிற்றில் ஒன்று உதைத்துக்கொண்டிருக்கிற நேரம். அந்த நேரத்தில் சொன்னால் எதுவும் ஏறும். மகள் தன் ரெண்டு கையையும் கிளியின் மேலிருந்து எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் வைத்திருந்தாள். வயிற்றில் வைக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள். கடைசியில் உடம்பிலிருந்து விலக்கி, கட்டில் விளிம்பில் தொங்கவிட்டாள்.

"நான் என்னம்மா பண்ணட்டும்?"

"நான் இருக்கேன்ல" என்றாள் ஸ்பூன் அக்கா. "நான் பார்த்துக்கறேன்."

அதிலிருந்து இருபத்தி மூணாம் நாள் குழந்தை பிறந்தது. பெண். மூணு கிலோ, நல்ல குரல். ஆஸ்பத்திரி அறையில் மருமகன் நாற்காலியில் தூங்கி வழிந்தான். நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து தாயிடம் நீட்டினாள். தாய் கையை நீட்டவில்லை.

"அம்மாகிட்ட குடுங்க" என்றாள்.

ஸ்பூன் அக்கா வாங்கினாள். குழந்தையின் தலை அவள் உள்ளங்கையில் பொருந்தி உட்கார்ந்தது. சூடாக இருந்தது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தாள், அதை ஏன் மறைக்க வேண்டும்.

"பால் குடுக்கணும், நல்லா அணைச்சுப் புடிம்மா" என்றாள் நர்ஸ்.

"அம்மா புடிச்சுப்பாங்க. நான் தொடாமலே குடுக்கறேன்."

"இதென்ன கூத்து? பெத்தவ தொடாம யாரு தொடுவா?" என்று நர்ஸ் சிரித்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு வேறு அறையில் வேலை இருந்தது, போய்விட்டாள்.

ஸ்பூன் அக்கா குனிந்து, குழந்தையை மகளின் மார்பில் சேர்த்துப் பிடித்தாள். மகள் ரெண்டு கையையும் போர்வைக்குள் வைத்துக்கொண்டு நெஞ்சை மட்டும் முன்னால் சாய்த்துக் கொடுத்தாள். குழந்தை தேடியது, தவறவிட்டது, வீறிட்டது. மறுபடி தேடிப் பிடித்தது. அது உறிஞ்ச ஆரம்பித்ததும் மகளின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூடக் கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் போர்வை அசைந்தது. மகளின் வலது கை வெளியே வந்து, குழந்தையின் தலைமுடியை நோக்கிப் போனது. ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. மகள் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். தொடலாமா என்று அந்தக் கண் கேட்டது.

ஸ்பூன் அக்கா குழந்தையை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக அணைத்துப் பிடித்தாள். கை மறுபடி போர்வைக்குள் போய்விட்டது.